ஏசி வென்ட்டில் பூஸ்ட் கேஜ்: வாங்குவதற்கு முன்னும் பொருத்தும்போதும்

கேள்வி: டர்போ பெட்ரோல் ஹேட்ச்பேக் வைத்திருக்கிறேன். டேஷ்போர்டில் வட்டமான ஏசி வென்ட். அதில் 52 மி.மீ. பூஸ்ட் கேஜ் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் மீட்டர்) உட்காருமா? எதைப் பார்த்து வாங்குவது? – கோவை வாசகர்

பதில்: 52 மி.மீ. என்பது கேஜின் உடம்பு. கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையம் அதைவிடச் சில மி.மீ. பெரிது. வென்ட்டின் உள்விட்டத்தை ஸ்கேல் வைத்துக் குத்துமதிப்பாக எடுக்காமல் வெர்னியரில் அளந்துவிடுங்கள். பலர் கோட்டை விடுவது விட்டத்தில் அல்ல, ஆழத்தில்தான். வென்ட்டின் இதழ்களுக்கு நடுவே கெட்டியான கம்பி ஒன்றை விட்டு, பின்னால் குழாய் வளையும் இடத்தில் எங்கே முட்டுகிறது என்று பாருங்கள். கேஜின் நீளத்தோடு ப்ளக்குக்கும் ஒயர் மடிப்புக்கும் 25 மி.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். அந்த இடம் இல்லையென்றால் கேஜ் துருத்திக்கொண்டு நிற்கும்.

டிரைவருக்கு வலப்பக்கம் உள்ள ஓர வென்ட்தான் சரி. நடு வென்ட்டை அடைத்தால், பின்சீட்டுக்குத் தனி ஏசி இல்லாத காரில் பின்னால் இருப்பவர்கள் வெந்துபோவார்கள். இடது ஓரமோ பார்வைக்கு எட்டாது. ஒயரும் பயணி ஏர்பேக்கைத் தாண்டிப் போகவேண்டி வரும். ஏர்பேக் பக்கம் எந்த ஒயரும் போகக்கூடாது. வலது வென்ட்டைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒன்று பாருங்கள்: மழைநாளில் வலது கதவுக் கண்ணாடியில் பனி படிந்தால் அதை நீக்க டேஷ்போர்டு ஓரத்தில் தனியாகச் சிறு துவாரம் இருக்கிறதா? அந்த வேலையையும் வென்ட்டே செய்கிறது என்றால் விட்டுவிடுங்கள், ஏ-பில்லர் (முன்கண்ணாடி ஓரத் தூண்) ஓரமாகச் சிறு ஸ்டாண்டு போதும்.

வென்ட் ஹோல்டர்கள் இப்போது 3டி பிரிண்டில் வருகின்றன. விற்பவரிடம் முதலில் பிளாஸ்டிக்கைக் கேளுங்கள். பிஎல்ஏ என்றால் வாங்காதீர்கள். 60 டிகிரி செல்சியஸ் வந்தாலே அது இளகிவிடும். மே மாத வெயிலில் மூடி நிறுத்திய காரின் டேஷ்போர்டு அதைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். ஏபிஎஸ் அல்லது ஏஎஸ்ஏ பிளாஸ்டிக் வேண்டும்.

இன்னொரு யோசனை. ஒரிஜினல் வென்ட்டை அறுக்காதீர்கள். சென்னை என்றால் புதுப்பேட்டையில், மற்ற ஊர்களில் பழைய பாகக் கடைகளில் அதே மாடல் வென்ட் ஒன்று தேடிப் பிடித்து அதை அறுத்துக்கொள்ளுங்கள். காரை விற்கும் நாளில் பழையதைத் திரும்ப மாட்டிவிடலாம்.

கேள்வி: பொருத்தும் வேலையை நானே செய்யலாமா? வரிசையாகச் சொல்லுங்கள். – சேலம் வாசகர்

பதில்: மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்தால் செய்யலாம். அரை நாள் ஒதுக்குங்கள்.

பேட்டரியின் மைனஸைக் கழற்றுங்கள். வென்ட்டைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டி, பிளாஸ்டிக் நெம்பியால் மெல்ல எடுங்கள். ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், டேஷில் தழும்பு விழும். வராவிட்டால் ஹேர் டிரையரில் லேசாகச் சூடு காட்டுங்கள். குளிர்ந்த கிளிப்தான் முறியும்.

அடுத்தது குளிர்காற்றை அடைப்பது. அநேகமாக எல்லோரும் தாண்டிப் போகும் வேலை இது. கேஜுக்குப் பின்னால் ஏசி காற்று மோதிக்கொண்டே இருந்தால் அதன் உடம்பு சில்லிட்டுவிடும். கதவைத் திறந்ததும் வெளியிலிருந்து ஈரக்காற்று நுழையும். கேஜ் கண்ணாடியின் உட்புறம் வேர்க்கும். கடலோர ஊர்களில் இது தினமும் நடக்கும். நாளடைவில் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு பச்சை பூத்துவிடும். வென்ட்டின் மூடியை அடைத்தால் மட்டும் போதாது. குழாய் வாயில் மூடிய துளை ஃபோமை இறுக்கமாக வெட்டிச் செருகுங்கள். மெத்தைப் பஞ்சு ஃபோம் தண்ணீரைக் குடித்துப் பூசணம் பிடிக்கும்.

ஒயர்களின் நிறத்தை நம்பாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கேஜோடு வரும் தாளைப் பாருங்கள். பொதுவாக நான்கு இருக்கும்: எப்போதும் 12 வோல்ட், இக்னிஷன் போட்டால் 12 வோல்ட், எர்த், ஹெட்லைட் போட்டால் வெளிச்சம் குறைக்க ஒன்று. கரண்டை ஃபியூஸ் டேப் (ஃபியூஸ் இருக்கும் இடத்தில் செருகிக் கிளை ஒயர் எடுக்கும் துண்டு) வழியாக எடுங்கள். 2 அல்லது 3 ஆம்பியர் ஃபியூஸ் தாராளம். ஃபியூஸ் பெட்டியில் மினி, லோ புரொஃபைல் என்று வகைகள் உண்டு, அளவு பார்த்து வாங்குங்கள். ஃபியூஸ் டேப்பைத் திருப்பிப் போட்டால் இரண்டு சர்க்யூட்டின் கரண்டும் ஒரே ஃபியூஸில் ஓடும். ஏர்பேக், ஏபிஎஸ் பிரேக், இன்ஜின் கம்ப்யூட்டர் ஃபியூஸ்களைத் தொடவே கூடாது. எர்த்தை டேஷ் பிராக்கெட்டில் கொடுக்காமல், பாடியில் பெயிண்ட் சுரண்டிய போல்ட்டில் கொடுங்கள். இரவில் கேஜ் மினுக் மினுக் என்று துடித்தால் கேஜ் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டவேண்டாம்: பல கார்களில் டேஷ் விளக்கின் கரண்ட் துண்டு துண்டாகத்தான் வருகிறது. அந்த ஒயரைப் பார்க்கிங் விளக்கு லைனுக்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அழுத்தத்தை இன்டேக் மானிஃபோல்டில் (இன்ஜினுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்), அதாவது த்ராட்டிலுக்கு (காற்றைக் கட்டுப்படுத்தும் மடல்) பிறகு உள்ள சிறு வேக்குவம் ஹோஸில் டீ (T வடிவ இணைப்பு) போட்டு எடுங்கள். பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸ் மட்டும் வேண்டவே வேண்டாம். அங்கே கசிந்தால் பிரேக் கல்லாகிவிடும். சென்சாரை இன்ஜின் அறையிலேயே வைத்து ஒயரை மட்டும் உள்ளே கொண்டுவரும் எலக்ட்ரானிக் கேஜே நல்லது. மெக்கானிக்கல் கேஜில் ஹோஸே கேபினுக்குள் வரும், பெட்ரோல் வாடையும் கூட வரலாம். ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகடு) புதுத் துளை போடாதீர்கள்; இருக்கிற ரப்பர் குரோமெட்டில் சிறிதாகக் குத்தி நுழைத்து சிலிக்கானால் அடைத்துவிடுங்கள். வேலை முடிந்ததும் ஐடிலில் (ஆக்சிலரேட்டரைத் தொடாமல் இன்ஜின் ஓடும்போது) ஆர்பிஎம் ஏறி இறங்கினால் டீயில் காற்று கசிகிறது என்று பொருள்.

கேள்வி: டீசல் காரில் பொருத்தினேன். ஐடிலில் முள் வேக்குவம் பக்கம் போகவே இல்லை. பழுதா? – மதுரை வாசகர்

பதில்: இல்லை. பெட்ரோல் இன்ஜின்போல டீசல் காற்றை த்ராட்டிலால் நெரிப்பதில்லை. ஐடிலில் பூஜ்யத்தை ஒட்டித்தான் நிற்கும். டீசலுக்கு வேக்குவம் அளவு இல்லாத கேஜ் வாங்கியிருந்தால் முள்ளுக்கு இன்னும் அகலமான ஓட்டம் கிடைத்திருக்கும்.

கேள்வி: ஓபிடியில் (காரின் பழுது கண்டறியும் சாக்கெட்) செருகினால் வேலை முடிந்தது என்கிறார்களே, டீயும் வேண்டாம் ஹோஸும் வேண்டாமாம். அதையே வாங்கலாமா? – ஈரோடு வாசகர்

பதில்: ஸ்டாக் காருக்கு (எந்த மாற்றமும் செய்யாத கார்) எங்கள் ஓட்டு அதற்குத்தான். கூலன்ட் வெப்பம், பேட்டரி வோல்ட் எல்லாம் ஒரே திரையில் கிடைக்கும். ஆனால் மூன்று விஷயம். மானிஃபோல்டு அழுத்தத்துக்கான பொது ஓபிடி அளவு 255 கிலோபாஸ்கலோடு நின்றுவிடும். அதில் காற்றுமண்டல அழுத்தம் 101 போனால் மிச்சம் சுமார் 1.5 பார். அதற்கு மேல் பூஸ்ட் தள்ளும் டீசலிலும் ரீமேப் செய்த (இன்ஜின் மென்பொருளை மாற்றிய) காரிலும் எண் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது, மலிவான சாதனங்கள் எந்த ஊரிலும் 101-ஐயே கழிக்கும். ஊட்டியில் காற்றழுத்தம் 77 கிலோபாஸ்கலை ஒட்டியே இருக்கும்; இன்ஜினை அணைத்து இக்னிஷனை மட்டும் போட்டால்கூடத் திரையில் மைனஸ் 0.2 பார் தெரியும். மூன்றாவது, ஓபிடி சாக்கெட்டின் 16-வது பின்னில் கார் அணைந்திருந்தாலும் கரண்ட் உண்டு. தானாகத் தூங்காத சாதனம் என்றால் வாரக்கணக்கில் நிற்கும் காரின் பேட்டரியைக் குடித்துவிடும்.

கேள்வி: ஒரு கடையில் ஆயில் பிரஷர் கேஜ் பொருத்தினேன். முள் குதிக்கிறது, சென்சார் அருகே எண்ணெய்க் கசிவும் இருக்கிறது. "கேஜ் நீங்கள் வாங்கி வந்தது, நாங்கள் பொறுப்பல்ல" என்கிறார்கள். – சென்னை வாசகர்

பதில்: இரண்டுமே பொருத்திய முறையில் வந்த கோளாறாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கேஜோடு வரும் சென்சாரில் பெரும்பாலும் 1/8 என்பிடி (அமெரிக்க அளவு) மரை, அங்குலத்துக்கு 27 சுற்று. ஜப்பானிய இன்ஜின்களில் 1/8 பிஎஸ்பிடி (பிரிட்டிஷ் அளவு), அங்குலத்துக்கு 28 சுற்று. ஒன்றரைச் சுற்று ஏறும், பிறகு மரையைத் தின்றுகொண்டு போகும். கசியாமல் என்ன செய்யும்? சரியான அடாப்டர் போடவேண்டும். கசிவை நிறுத்த டெஃப்லான் டேப்பைச் சுற்றிச் சுற்றி விட்டார்கள் என்றால் முள் குதிப்பதற்கும் விடை கிடைத்துவிட்டது: ஒற்றை ஒயர் சென்சாருக்கு அதன் மரைதான் எர்த். கனமான சென்சாரை டீயில் தொங்கவிட்டிருந்தால் இன்றே மாற்றச் சொல்லுங்கள். அதிர்வில் டீ உடைந்தால் ஓடிக்கொண்டிருக்கும்போதே எண்ணெய் முழுக்கக் கொட்டிவிடும். சென்சாரை ஹோஸ் வழியாக பாடியில் பொருத்தி, அதற்குத் தனி எர்த் ஒயர் கொடுப்பதே முறை.

பொருள் உங்களுடையது என்றாலும் கூலி வாங்கிய வேலைக்குக் கடைதான் பொறுப்பு. சட்டம் அதைச் சேவைக் குறைபாடு என்கிறது. படங்கள், கூலி பில் இரண்டையும் வைத்து எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் தரலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது.

கேள்வி: இன்சூரன்ஸில் கேஜைச் சொல்லவேண்டுமா? – திருச்சி வாசகர்

பதில்: சொல்லாவிட்டால் அது திருடுபோனாலோ விபத்தில் உடைந்தாலோ பணம் வராது. மின்சார உபகரணம் என்று பாலிசியில் சேர்க்க, அதன் மதிப்பில் 4 சதவீதம் கூடுதல் பிரீமியம் என்பது வழக்கமான விகிதம். பில்லைப் பத்திரமாக வையுங்கள். மதிப்புக்கு அதுதான் ஆதாரம்.