காக்ளியர் மாநாடுகளில் என்னதான் பேசுகிறார்கள்? கேள்வி பதில்

நான் ஈரோட்டுப் பக்கம் ஆடியாலஜிஸ்ட், அதாவது செவித்திறன் நிபுணர். காது கேளாதவர்களுக்கு ஆபரேஷன் செய்து உள்காதில் வைக்கும் கருவிதான் காக்ளியர் இம்ப்ளான்ட். அதில் ஒலி அளவை ஆளுக்கேற்பச் சரிசெய்யும் மேப்பிங்கும், கேட்டுப் பேசப் பழக்கும் தெரபியும்தான் என் வேலை, ஆபரேஷன் இல்லை. மாநாட்டுக்குப் போய்வந்தேன் என்றதும் ஆளாளுக்குக் கேள்வி அனுப்பிவிட்டீர்கள். தெரிந்தவற்றுக்குப் பதில் கீழே.

கோவை, ஆடியாலஜி மாணவி: அக்கா, முதல்முறையா போறதா இருந்தா எந்த மாநாட்டுக்குப் போகலாம்?

எதற்குப் போகிறாய் என்பதைப் பொறுத்தது கண்ணு. இந்தியக் காக்ளியர் இம்ப்ளான்ட் குழு ஆண்டுதோறும் நடத்தும் சிகிகானில் ஈஎன்டி டாக்டர்களின் கைதான் ஓங்கியிருக்கும். நேரடி ஆபரேஷனைத் திரையில் காட்டும்போது நிற்க இடம் இருக்காது, சாப்பாட்டுக்குப் பிறகு மேப்பிங், தெரபி பற்றிப் பேச ஆரம்பித்தால் பாதி நாற்காலி காலி. நீ போய் உட்கார வேண்டியது அங்கேதான். பேச்சு, செவித்திறன் ஆட்கள் கூடுவது இஷாகான். ஆராய்ச்சி மட்டும் என்றால் அமெரிக்காவில் ஒற்றைப்படை வருடங்களில் நடக்கும் சியாப். உள்காதில் வைக்கும் மின்முனைகள் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் மின்சாரம் போனால் ஒன்றோடொன்று கலந்துவிடும் என்று, ஒன்றன்பின் ஒன்றாக வேகமாகக் கொடுக்கும் முறையை பிளேக் வில்சன் குழு 1991இல் நேச்சர் இதழில் வெளியிட்டதே, அந்த மாதிரி வேலை செய்கிறவர்கள் கூடும் இடம் அது. பணம் கட்டுவதற்கு முன், நம் பதிவைப் புதுப்பிக்கத் தேவையான மறுவாழ்வுக் கவுன்சில் புள்ளிகள் உண்டா என்று கேட்டுக்கொள்.

திருப்பூர், அப்பா: பனியன் கம்பெனில வேலைங்க. பொண்ணுக்கு வைக்கோணும். மாநாட்டு ஸ்டால்ல போய்ப் பார்த்து மெஷினை முடிவு பண்ணலாமுங்களா?

வேண்டாமுங்க. பெரும்பாலும் தொழில்முறை ஆட்களுக்கான கூட்டம், கட்டணமும் அப்படித்தான். ஸ்டாலில் ஒருவர் 22 மின்முனை என்பார், அடுத்தவர் 16, இன்னொருவர் 12. அந்த எண்ணிக்கையை மட்டும் வைத்து எது நல்லது என்று சொல்லவே முடியாது. தலையில் ஒட்டும் காயிலின் வயர் அறுந்தால் என்ன விலை, வெளியே மாட்டும் பிராசஸர் ரிப்பேருக்குப் போனால் எத்தனை நாளில் வரும், அதுவரை மாற்று மெஷின் தருவார்களா, கோவையிலேயே சர்வீஸ் உண்டா என்று கேளுங்கள். மெஷினைக் கழற்றிப் பீரோவில் வைக்கிற பழக்கம் மட்டும் வந்துவிடக் கூடாது, இப்போதே சொல்லிவிட்டேன்.

கோபி, அம்மா: அரசுத் திட்டத்துல எத்தனை வயசு வரைக்கும்?

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குள். மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவி தரும் மத்திய அரசின் அடிப் திட்டம் தனி, அதன் விதிகளும் தனி. ஆறு வரை நேரம் இருக்கிறதே என்று உட்கார்ந்துவிடாதீர்கள்.

பொள்ளாச்சி, தாத்தா: மேடையில ஒரு பையன் பாட்டே பாடினான்னு சொன்னாங்க. எங்க பேரனும் அப்படிப் பேசுவானுங்களா அம்மணி?

பேசலாமுங்க. ஆனால் மேடையேறுவது நன்றாகப் பேசுகிற பிள்ளைகள் மட்டும். மெஷினைப் போடாமல் விட்ட பிள்ளையை யாரும் கூப்பிடுவதில்லை. இப்போதைய பிராசஸர்கள் பலவற்றில் தினம் எத்தனை மணி நேரம் போட்டிருந்தது என்று பதிவாகிவிடும். வீட்டில் "நாள் பூரா போட்டிருக்கான்" என்பார்கள், நான் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தால் இரண்டு மணி நேரம் என்று இருக்கும். பேரன் எவ்வளவு நேரம் போடுகிறான், தெரபிக்கு வாராவாரம் யார் கூட்டிப்போகிறார்கள்? அதைச் சொல்லுங்கள், மீதியைப் பேசலாம்.

அந்தியூர்: ஃப்ரீயா கிடைக்குமா? வயசு வரம்பு என்ன?

கோபிக்காரருக்குச் சொல்லியாச்சுங்க.

சேலம், காது கேளாதோர் பள்ளி ஆசிரியர்: இந்த மாநாடுகளில் காது கேளாதவர்களைப் பேச விடுகிறார்களா? சைகை மொழி வேண்டாம் என்று சொல்லத்தானே கூடுகிறீர்கள்?

நல்ல கேள்வி சார், கோபமும் நியாயம். 1880இல் மிலான் மாநாட்டில், கிட்டத்தட்ட எல்லோருமே காது கேட்பவர்களாக உட்கார்ந்து, பள்ளிகளில் சைகையை ஒதுக்கிவிட்டு வாய்ப்பேச்சு மட்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அதற்கு அதே மாநாட்டு வரிசை வருத்தம் தெரிவித்தது 2010இல், வான்கூவரில். இன்றும் நம் மேடைகளில் டாக்டர், கம்பெனி, அப்புறம் நாங்கள். பொருத்திக்கொண்டவர் பேச வந்தால் நன்றி சொல்லிவிட்டு இறங்குகிறார்.

கரூர், தெரபிஸ்ட்: மேடம், சைகை பழகினால் பேச்சு வராது. நாங்கள் படித்தது அப்படித்தான்.

எல்லோரும் அப்படித்தான் படித்தோம். மொழியே இல்லாமல் ஒரு பிள்ளையை மூன்று வயது வரை வைத்திருப்பதுதான் ஆபத்து. பிராசஸர் ரிப்பேருக்குப் போயிருக்கும் வாரத்தில் அந்தப் பிள்ளை அம்மாவிடம் தண்ணீர் எப்படிக் கேட்கும்?

கரூர்: ஆனால் சைகை சுலபம் என்று வீட்டில் பேசுவதையே விட்டுவிடுகிறார்களே?

அது உண்மை, நானும் பார்க்கிறேன். அதற்குப் பேச்சைக் கூட்ட வேண்டுமே தவிர கையைக் கட்டக் கூடாது.

சேலம்: இதை மாநாட்டில் சொன்னீர்களா?

கேள்வி நேரத்தில் கேட்டேன் சார். "நேரமாகிவிட்டது, டீ இடைவேளையில் பேசலாம்" என்றார் தலைமை வகித்தவர்.

நாமக்கல்: ஜீன் ஊசி வந்துவிட்டதாமே, ஆபரேஷனுக்குப் பதிலாக?

ஓட்டோஃபெர்லின் என்ற ஒரே மரபணுக் கோளாறுக்குச் சீனாவில் சில குழந்தைகளுக்குப் போட்டுப் பலன் தெரிந்ததை 2024இல் லான்செட் வெளியிட்டது. எல்லாக் காதுக்கும் இல்லை. அதற்காக ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள்.

காங்கேயம்: இம்ப்ளான்ட் வைத்தவருக்கு எம்ஆர்ஐ எடுக்கலாமா?

உள்ளே காந்தம் இருக்கிறது, மாடலுக்கு மாடல் விதி மாறும். கம்பெனி கார்டோடு ஆபரேஷன் செய்த டாக்டரிடம் போங்கள். என்னிடம் கேட்காதீர்கள்.

தாராபுரம்: வயசு வரம்பு...

ஆறு! ஆறு! மேலே படியுங்கள் ஐயா.

சத்தி, அம்மா: ஒன்பது மாசக் குழந்தைங்க. தட்டு விழுந்தாலும் திரும்பறதில்லை. மாமியார் "அவங்கப்பனும் லேட்டாத்தான் பேசினான்"ங்கிறாங்க. பொறுத்துப் பார்க்கலாமுங்களா?

பார்க்கக் கூடாது அம்மணி. மாநாட்டுப் பேச்சையெல்லாம் விடுங்கள். திங்கட்கிழமை காலையில் மாவட்ட அரசு மருத்துவமனையில் ஆரம்ப இடையீட்டு மையம் எங்கே என்று கேட்டுப் போய், காது கேட்கிறதா என்று பார்க்கும் பெரா டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். குழந்தை தூங்கினால்தான் எடுக்க முடியும், அதனால் பஸ்ஸில் தூங்க விடாமல் கூட்டிப்போங்கள். மாமியாரையும் கூடவே அழைத்துப் போங்கள்.