அட்டை ஒன்று சொல்கிறது, பட்டை வேறு சொல்கிறது

கேள்வி: மகளுக்கு ஒரு சட்டை வாங்கினேன். அதில் தொங்கிய அட்டையில் ‘மூங்கில் இழை’, ‘பூமிக்கு உகந்தது’, ‘நெறிமுறைப்படி தயாரானது’ என்று போட்டிருந்தது. அதற்காகவே கூடுதல் விலை கொடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் உள்பக்கம் தைத்திருந்த துணிப்பட்டையைப் பார்த்துவிட்டு, “95% விஸ்கோஸ்னு இருக்கே, மூங்கில் எங்கம்மா?” என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. ஏமாந்துவிட்டேனா? இந்த வார்த்தைகளை எப்படித்தான் புரிந்துகொள்வது? – ஒரு வாசகி

பதில்: உங்கள் மகள் சரியான இடத்தில்தான் பார்த்திருக்கிறாள். தொங்கும் அட்டை வெறும் விளம்பரம். உள்ளே தைத்த பட்டையில் என்ன இழை, எத்தனை சதவீதம் என்று உள்ளபடி சொல்ல வேண்டும் என்பது பல நாடுகளில் சட்டம். இரண்டும் முரண்பட்டால் பட்டையை நம்புங்கள்.

சரி, மூங்கில் எங்கே போயிற்று? மூங்கிலைக் கூழாக்கி, காஸ்டிக் சோடாவும் கார்பன் டைசல்பைடும் சேர்த்துக் கரைக்கிறார்கள். தேன் பதத்தில் இருக்கும் அந்தக் கரைசலை நுண்துளைகள் வழியாக அமிலத்துக்குள் பீய்ச்சினால் இழை வரும். அதுதான் விஸ்கோஸ். மரக்கூழில் செய்தாலும் கடைசியில் கிடைப்பது அதே மாதிரியான இழைதான். மூங்கில் வேகமாக வளரும், பூச்சிமருந்து அதிகம் கேட்காது என்பதெல்லாம் உண்மை. ஆனால் கார்பன் டைசல்பைடு ஆலைத் தொழிலாளியின் நரம்புகளைப் பாதிக்கக்கூடியது. அட்டை முதல் பாதியைச் சொல்லிவிட்டு நின்றுவிட்டது. நீங்கள் ஏமாந்தீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பாதிக் கதைக்கு முழு விலை கொடுத்திருக்கிறீர்கள்.

அடுத்தது ‘பூமிக்கு உகந்தது’. இந்த வரியைப் பொய் என்று நிரூபிக்க முயன்று பாருங்கள், முடியாது. எதை விட உகந்தது, எந்த வகையில், எவ்வளவு? எதுவுமே இல்லை. ‘பசுமை’, ‘இயற்கையானது’, ‘பொறுப்புள்ள’ எல்லாம் இதே ரகம். என் அளவுகோல் ஒன்றுதான்: தப்பாக இருந்தால் மாட்டிக்கொள்ளக்கூடிய வார்த்தைக்குத்தான் கூடுதல் காசு கொடுக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியமும் இந்தப் பக்கம்தான் வந்திருக்கிறது. ஆதாரம் காட்டாமல் இப்படிப் பொத்தாம்பொதுவாகச் சொல்வதைத் தடுக்கும் சட்டத்தை 2024-இல் கொண்டுவந்தது. 2026 செப்டம்பரிலிருந்து அது நடைமுறை.

மாட்டிக்கொள்ளக்கூடிய வார்த்தை எப்படி இருக்கும்? ஆர்கானிக் துணிகளுக்கான உலகளாவிய தரமான ஜி.ஓ.டி.எஸ். (GOTS) முத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ‘ஆர்கானிக்’ என்று போட, குறைந்தது 95% இழை ஆர்கானிக்காக இருக்க வேண்டும். ‘ஆர்கானிக் இழை கொண்டு செய்தது’ என்றால் 70% போதும். படிக்கும்போது இரண்டும் ஒன்று போலத்தான் தோன்றும், நடுவில் 25 சதவீதம் ஒளிந்திருக்கிறது. முத்திரைக்குக் கீழே சான்று கொடுத்த அமைப்பின் பெயரும் உரிம எண்ணும் இருக்கும். அந்த எண்ணை ஜி.ஓ.டி.எஸ். வைத்திருக்கும் பொதுப் பட்டியலில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். எண் இல்லாமல் வெறும் பச்சை இலை படம் மட்டும் இருந்தால், அதை அந்த நிறுவனமே வரைந்துகொண்டதாகவும் இருக்கலாம்.

பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் 1 முதல் 7 வரையான எண்ணும் பலரைக் குழப்புகிறது. அது எந்த வகை பிளாஸ்டிக் என்பதை மட்டுமே சொல்கிறது, மறுசுழற்சி ஆகும் என்று உறுதி தரவில்லை. ‘மக்கும்’ என்றால் எத்தனை நாளில், எங்கே என்று கேளுங்கள். ‘உரமாகக்கூடியது’ என்று சான்று பெற்ற பல பைகள்கூட 50, 60 டிகிரி வெப்பம் உள்ள, உரம் தயாரிக்கும் ஆலையின் குவியலில்தான் மக்கும். வீட்டுத் தோட்டத்து மண்ணில் அந்தச் சூடு வராது.

என்னை அதிகம் உறுத்துவது ‘நெறிமுறைப்படி’ என்ற சொல்தான். ஒரு சட்டைக்குப் பின்னால் பருத்தி விவசாயி, நூற்பவர், சாயம் போடுபவர், தைப்பவர் என்று எத்தனையோ பேர் இருக்கிறார்கள். யாருக்கு நியாயம் நடந்தது? பருத்திக்கான ஃபேர்டிரேடு முத்திரை, விவசாயிக்குக் குறைந்தபட்ச விலையும் அதற்கு மேல் ஒரு கூடுதல் தொகையும் தருகிறது. நல்ல விஷயம். ஆனால் தைத்தவரின் சம்பளம் பற்றி அந்த முத்திரை மட்டுமே எதுவும் சொல்லிவிடாது. கூலியிலும் இதே சிக்கல். ‘சட்டப்படியான கூலி’ வேறு, ‘வாழ்வதற்குப் போதுமான கூலி’ வேறு. முதலாவதைக் கொடுப்பது சட்டத்துக்குக் கீழ்ப்படிவது, அவ்வளவே. அதை ஒரு பெருமையாக அட்டையில் அச்சிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ஆடைத் தொழிற்சாலைகள் இயங்கிவந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். முந்தின நாளே சுவரில் விரிசல் தெரிந்தும் அவர்களை வேலைக்கு வரச் சொன்னார்கள். அங்கே தைத்த உடைகள் உலகமெங்கும் பெயர் பெற்ற கடைகளுக்குப் போய்க்கொண்டிருந்தன. அதனால்தான் இந்த ஒரு சொல்லை மட்டும் என்னால் லேசாக விட முடிவதில்லை.

வாங்கிய சட்டையை ஒதுக்கிவிடாதீர்கள், உங்கள் மகள் நன்றாக உடுத்தட்டும். அப்புறம், அட்டையைத் தூக்கிப் போட்டிராவிட்டால் அதில் உள்ள முகவரிக்கு இருவருமாகச் சேர்ந்து ஒரு கடிதம் எழுதுங்கள். “இந்தச் சட்டை எந்தத் தொழிற்சாலையில் தைக்கப்பட்டது? தைத்தவருக்கு என்ன கூலி? அதை வெளியிலிருந்து யார் சரிபார்க்கிறார்கள்?” இவ்வளவு போதும். சில நிறுவனங்கள் தொழிற்சாலைகளின் பட்டியலையே வெளியிடுகின்றன, ஆகவே இது யாராலும் பதில் சொல்ல முடியாத கேள்வி இல்லை. பதில் வந்தால் எனக்கும் அனுப்பி வையுங்கள்.