5 வயதுப் பிள்ளைக்கும் 12 வயதுப் பிள்ளைக்கும் ஒரே பேஸ்பால் பயிற்சி போதுமா?

போதாது. வயதுக்கேற்ப நோக்கமே மாறுகிறது.

ஐந்து, ஆறு வயதில் பந்தைக் கண்டு பயப்படாமல் இருக்கப் பழகுவதுதான் முதல் பாடம். மென்மையான பந்தை உருட்டிவிட்டு, குனிந்து இரண்டு கைகளாலும் எடுக்கச் சொல்லுங்கள். அடிப்பதற்கு, கம்பத்தின் மேல் பந்தை அசையாமல் வைக்கும் டீ-பால் முறையே நல்லது. நீண்ட வரிசையில் மட்டும் நிறுத்தாதீர்கள், கவனம் உடனே சிதறிவிடும். இரண்டிரண்டு பேராகப் பிரித்துவிடுங்கள்.

எட்டு, ஒன்பது வயதில் எறியும் முறையைத் திருத்தலாம். எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி இது: எறியும் கைப்பக்கத்து முழங்காலைத் தரையில் ஊன்றி எறிவது. கால்களுக்கு வேலை இல்லாததால் தோளும் முழங்கையும் எப்படிப் போகின்றன என்பது தெளிவாகத் தெரியும். முழங்கை தோள் மட்டத்துக்குக் கீழே தொங்கினால் அங்கேயே சரிசெய்யுங்கள். அப்புறம் எழுந்து நின்று, எதிர்க்காலை இலக்கை நோக்கி எடுத்து வைத்து எறியட்டும்.

பதினொன்று, பன்னிரண்டு வயதினருக்கு ஆட்டச் சூழல்களைக் கொடுங்கள். முதல் பேஸில் (ஓட்டக்காரர் தொட்டுச் செல்ல வேண்டிய நான்கு இடங்களில் முதலாவது) ஓட்டக்காரர் நிற்கிறார், பந்து உங்களிடம் வந்தால் எங்கே எறிவீர்கள்? பந்து வருமுன்பே பதில் சொல்ல வேண்டும்.

பிட்சிங்கில், அதாவது மட்டையாளரை நோக்கிப் பந்து வீசுவதில், எண்ணிக்கை முக்கியம். சிறுவர் பேஸ்பால் அமைப்பான லிட்டில் லீக்கின் விதிப்படி ஆட்டத்தில் ஒரு நாளைக்கு 7–8 வயதினருக்கு 50, 9–10 வயதினருக்கு 75, 11–12 வயதினருக்கு 85 வீச்சுகள்தான் வரம்பு. வளரும் எலும்புகள் அதிகச் சுமையைத் தாங்காது. முழங்கை வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால், வரம்பை எட்டாவிட்டாலும் அன்றைக்கு எறிவதை நிறுத்திவிடுங்கள்.