தாக்குதல் நடந்து பல நாள் கழித்துப் போகும் குழு, விஷவாயுதான் என்று எப்படி உறுதி செய்கிறது?

வாயு காற்றோடு போய்விடும், தடயம் போகாது. நரம்பைத் தாக்கும் விஷமான சரின் சிதையும்போது ஐசோபுரொப்பைல் மெத்தில்பாஸ்போனிக் அமிலமாக மாறுகிறது. இயற்கையில் இல்லாத பொருள் இது. மண்ணில் வாரக்கணக்கில் தங்கும். பாதிக்கப்பட்டவரின் ரத்தப் புரதத்திலும் சரின் ஒட்டிக்கொண்டு சில வாரங்கள் நிற்கும்.

2013 ஆகஸ்ட் 21 அன்று சிரியாவின் கூத்தாவில் தாக்குதல் நடந்தது. ஸ்வீடன் விஞ்ஞானி செல்ஸ்ட்ரோம் தலைமையிலான ஐ.நா. குழு ஐந்து நாள் கழித்துத்தான் உள்ளே போக முடிந்தது. போகும் வழியிலேயே அவர்களுடைய வண்டி சுடப்பட்டது. அப்படியும் விட்டுவிடாமல் ராக்கெட் துண்டு, மண், ரத்தம், சிறுநீர், தலைமுடி என்று சேகரித்தார்கள். ஒவ்வொரு மாதிரிக்கும் முத்திரை வைத்து, கை மாறும்போதெல்லாம் பதிவு செய்தார்கள். ஒரே ஆய்வகத்தை நம்பாமல் பல ஆய்வகங்களுக்கு அனுப்பினார்கள். முடிவு: சரின்.

ஆனால் யார் வீசியது என்று சொல்ல அந்தக் குழுவுக்கு அதிகாரமே தரப்படவில்லை. என் மனம் ஆறாத இடம் இதுதான். சிரியாவில் இப்படி வீசுவது யார் என்று கண்டறிய 2015-ல் அமைத்த கூட்டுக் குழுவும் 2017-ல் ரஷ்யாவின் வீட்டோவால் நின்றுபோனது. ஹேக்கில் உள்ள வேதி ஆயுதத் தடை அமைப்புக்கு அந்தப் பொறுப்பை உறுப்பு நாடுகள் வாக்கெடுத்துக் கொடுத்தது 2018-ல்.