சுவரோடு மடியும் மேசை: கேள்விகளும் பதில்களும்

சின்ன வீட்டில் மேசை போட இடமில்லை என்று கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். சுவரில் மாட்டி இறக்கும் பலகை, கதவே மேசையாக இறங்கும் அலமாரி, கட்டிலோடு சேர்ந்து வரும் மேசை என்று மூன்று வகையிலும் கேள்விகள் வந்திருக்கின்றன. மரவேலைப் பட்டறை நடத்துகிறவன் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன். விலை மட்டும் கேட்காதீர்கள், அது ஊருக்கு ஊர் மாறும்.

கோவை: அண்ணா, புது ஃபிளாட். சுவர் ஹாலோ பிளாக் (உள்ளே குழி விட்ட சிமென்ட் கல்). 3 அடிக்கு 2 அடி பலகையை மடக்கு பிராக்கெட்டில் மாட்ட நினைக்கிறேன். கார்பென்டர் "பக்கத்துக்கு நாலு ஸ்க்ரூ போதும்" என்கிறார். போதுமா?

நாலா எட்டா என்பது இரண்டாவது விஷயம். அந்த ஸ்க்ரூ எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று முதலில் பாருங்கள்.

18 மி.மீ. பிளைவுட், இரண்டு பக்கமும் மைக்கா என்றால் இந்த அளவுப் பலகை 8 கிலோ பக்கம் வரும். லேப்டாப், புத்தகங்கள் எல்லாம் சேர்த்து இன்னொரு 10 கிலோ வைத்துக்கொள்வோம். இதுவரை பயமில்லை. ஆனால் வீட்டில் யாராவது மேசை விளிம்பில் கையை ஊன்றி எழுந்திருப்பார்கள், அப்போது 40 கிலோ சாதாரணமாக இறங்கும். சுவரிலிருந்து 20 அங்குலம் தள்ளி 40 கிலோ. பிராக்கெட்டின் உயரம் 10 அங்குலம் என்றால், மேல் ஸ்க்ரூக்களைச் சுவரிலிருந்து பிடுங்கும் இழுவை 80 கிலோ. பிராக்கெட் 5 அங்குலம்தான் என்றால் அதுவே 160. கடையில் அடக்கமாக இருக்கிறதே என்று குட்டி பிராக்கெட்டை வாங்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

அடுத்தது சுவர். டிரில் போடும்போது வரும் தூளைப் பாருங்கள். சிவப்பாக வந்தால் செங்கல், நன்றாகப் பிடிக்கும். வெள்ளையாக மாவு போலக் கொட்டி, பிட் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கினால் ஏஏசி பிளாக், அதாவது காற்றுக் குமிழ் நிறைந்த இலேசான கல். சாம்பல் தூள் வந்து, திடீரென்று பிட் உள்ளே விழுந்தால் உங்கள் ஹாலோ பிளாக். சாம்பல் தூளோடு டிரில் முக்கி முனகினால் காங்கிரீட் தூண். அந்த இடத்தில் மேசை அமைந்தால் யோகம்தான்.

ஹாலோ பிளாக்கில் சாதாரண பிளாஸ்டிக் பிளக் கல்லின் மெல்லிய வெளிச்சுவரை மட்டுமே பிடிக்கும். வலைக்குழாய் செருகிக் கெமிக்கல் ஆங்கர் (இறுகிக் கல்லாகும் பசையில் பதியும் போல்ட்) போட்டால் நிற்கும். ஆனால் என் பழக்கம் வேறு. பிராக்கெட்டைச் சுவரில் அடிக்கவே மாட்டேன். தரையிலிருந்து மேசை உயரம் வரை இரண்டு நிமிர்ந்த மரச்சட்டம் வைத்து, பிராக்கெட்டை அந்த மரத்தில் முடுக்குவேன். எடை தரைக்குப் போய்விடும். சட்டம் முன்பக்கம் சாயாமல் பிடித்துக்கொள்வது மட்டுமே சுவரின் வேலை, அதனால் சட்டத்தின் தலைப்பக்கத்தை நன்றாக இறுக்குங்கள்.

அதே கோவைக்காரர்: தரை வரை சட்டம் வந்தால் பார்க்க அசிங்கமாக இருக்காதா?

இரண்டு சட்டத்தையும் ஒரே பின்பலகையால் மூடி மைக்கா ஒட்டிவிடுங்கள். கீழே ஸ்கர்ட்டிங் டைல் துருத்திக்கொண்டு இருக்கும் இடத்தில் மட்டும் சட்டத்தில் வெட்டு விட வேண்டும். அதை மறந்தால் மேசை முழுக்கச் சுவரை விட்டு விலகி நிற்கும்.

வேளச்சேரி: வாடகை வீடு. ஆணியே அடிக்கக் கூடாது என்கிறார் ஓனர். எனக்கு வழி உண்டா?

உண்டு. தனியாக நிற்கும் அலமாரி, அதன் நடுக்கதவு கீழே இறங்கி மேசையாகும் வகை. 18ஆம் நூற்றாண்டு பிரான்ஸிலேயே இந்த மாதிரி எழுத்து அலமாரிகள் புழக்கத்தில் இருந்தன. ஒரே ஆபத்து, கதவைத் திறந்து அதில் சாய்ந்தால் அலமாரியே முன்பக்கம் கவிழலாம். புத்தகம், பாத்திரம் போன்ற கனமானவற்றை அடித்தட்டில் வையுங்கள். கதவின் வெளிப்பக்கம் மடக்குக் கால் ஒன்று வைத்து, திறக்கும்போது அது தரையில் ஊன்றும்படி செய்துவிடுங்கள். வீட்டில் குழந்தை இருந்தால் ஓனரிடம் கெஞ்சியாவது அலமாரித் தலையில் ஒரே ஒரு எல் ஆங்கிளுக்கு அனுமதி வாங்குங்கள். காலி செய்யும்போது ஒரு ஓட்டையைப் பட்டி பார்த்து அடைப்பது பெரிய வேலையில்லை.

பழைய அலமாரிகள் சிலவற்றில் பலகைக்கு அடியில் இரண்டு கட்டைகள் டிராயர் மாதிரி வெளியே இழுபடும், பலகை அவற்றின் மேல் படுக்கும். பலகையைத் தாங்கச் சங்கிலியும் கம்பியும் போடுவதை விட எனக்கு அதுதான் பிடித்த முறை. இன்றைக்கும் எந்தத் தச்சரும் செய்து கொடுக்கலாம்.

ஓசூர்: சார், மடக்கு மேசை வாங்கி ஆறு மாதம் ஆகிறது. முதல் வாரத்துக்குப் பிறகு மடிக்கவே இல்லை. எங்கள் சோம்பேறித்தனம்தானா?

இல்லை, மேசையின் குறை. உங்களுடையது சுவரோடு ஒட்டி மடியும் வெறும் பலகையாக இருக்கும். மடிக்க வேண்டும் என்றால் லேப்டாப், சார்ஜர், பேனா, தண்ணீர் பாட்டில் அத்தனையையும் எடுத்து வேறு இடத்தில் வைக்க வேண்டும். தினமும் ராத்திரி அதைச் செய்ய யாருக்கும் பொறுமை இருக்காது. பலகைக்குப் பின்னால் 8 அங்குல ஆழத்தில் ஒரு பெட்டி வேண்டும். வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் உள்ளே தள்ளிப் பலகையைத் தூக்கினால் முடிந்தது. என்னைக் கேட்டால், மடக்கு மேசையில் பலகையை விட இந்தப் பெட்டிக்குத்தான் முதலில் யோசிக்க வேண்டும். உங்கள் பலகையைக் கழற்ற வேண்டாம். மடித்து நிற்கும்போது முட்டாத உயரத்தில், அதற்கு மேலே மூடியுள்ள ஒரு சின்னத் தட்டு அடியுங்கள்.

அப்புறம் நாற்காலி. மேசை மடிந்த பிறகு அது எங்கே போகும் என்றும் பாருங்கள். அதற்கு இடமில்லாமல் மேசையைத் திறந்தே வைத்திருப்பவர்கள் பலர்.

மதுரை: எந்தப் பலகை நல்லது? பார்ட்டிகிள் போர்டு மலிவாக இருக்கிறதே?

அலமாரியின் பக்கவாட்டுக்குப் பரவாயில்லை, கீல் ஏறும் இடத்தில் வேண்டாம். ஒருமுறை ஸ்க்ரூ பிடுங்கிக்கொண்டால் அதே ஓட்டை மறுபடி பிடிக்காது. பிளைவுட்டில் ஐஎஸ்ஐ முத்திரையோடு 303 அல்லது 710 என்று இருக்கும். 303இல் பிடபிள்யூஆர் (கொதிநீரையும் தாங்கும்) ரகம் படுக்கையறைக்குத் தாராளம். பால்கனி, ஓதம் ஏறும் சுவர் என்றால் 710, அதாவது மரைன். பலகை 4 அடிக்கு மேல் நீளமானால் 19 மி.மீ. பிளாக் போர்டு (உள்ளே மரக்கட்டைகள் அடுக்கிய பலகை) எடுத்து, உள்கட்டை நீளவாக்கில் வரும்படி வெட்டச் சொல்லுங்கள். நடுவில் தொய்வது குறையும்.

மைக்காவை ஒரு பக்கம் மட்டும் ஒட்டி, உள்பக்கம் பெயின்ட் அடித்து மிச்சம் பிடிப்பார்கள். ஒரு மழைக்காலம் போனால் பலகை வளைந்து கதவு மூடாது. இரண்டு பக்கமும் ஒட்டியே ஆக வேண்டும். கீலுக்குத் துண்டு துண்டாக மூன்று போடுவதை விட, முழு நீளத்துக்கும் ஒரே பியானோ கீல் போடுங்கள்.

திருச்சி: அம்மா தையல் மெஷின் வைக்க மடக்கு மேசை கேட்கிறார். மோட்டார் வைத்த மெஷின்.

பிராக்கெட்டில் தொங்கும் மேசை வேண்டவே வேண்டாம். மெஷினின் அதிர்வில் ஸ்க்ரூ ஒவ்வொன்றாகத் தளரும், தையலும் ஆடும். தரையில் கால் ஊன்றும் மேசைதான் சரி. மெஷின் தலை உள்ளே இறங்கி மேலே பலகை மூடிக்கொள்ளும் பழைய காலால் மிதிக்கும் தையல் மேசை உங்கள் பக்கம் பழைய சாமான் கடையில் கிடைத்தால் விடாதீர்கள். இடம் மிச்சப்படுத்துவதில் அதை மிஞ்சும் புது டிசைனை நான் இன்னும் பார்க்கவில்லை. மெஷினின் அடித்தட்டு அந்தத் திறப்பில் உட்காருமா என்று மட்டும் அளந்து பார்த்து வாங்குங்கள்.

தாம்பரம்: 7 வயது மகளுக்கு எத்தனை அங்குல உயரம்?

பெரியவர்களுக்கு வழக்கமான 29, 30 அங்குலம் அவளுக்குத் தோள் வரை வரும். உட்கார்ந்து முழங்கையை மடித்தால் அது எந்த உயரத்தில் நிற்கிறதோ அதுதான் மேசை உயரம். அவள் வயதில் 21 முதல் 23 அங்குலத்துக்குள் வரும். இரண்டு மூன்று வருடத்தில் வளர்ந்துவிடுவாள் என்பதால், நிமிர்ந்த சட்டத்தில் 2 அங்குலத்துக்கு ஒரு துளை போட்டு வைத்து, பலகையை ஏற்றிக்கொண்டே போகலாம். (பெரியவர்களிலும் 5 அடி 3 அங்குலம் உள்ளவருக்கு 30 அதிகம், 27 அல்லது 28 போதும்.)

முக்கியமாக விரல். பலகை தடாலென்று விழக் கூடாது. பலகையைப் பிடித்து மெதுவாக இறக்கும் ஸ்டே என்ற தாங்கி தனியாகக் கிடைக்கிறது, பலகையின் எடையைச் சொல்லி வாங்குங்கள். சமையலறையில் மேலே தூக்கும் ஷட்டருக்குப் போடும் ஹைட்ராலிக் இதற்கு ஆகாது.

மும்பை, தாராவி: ஒரே அறை. கட்டிலும் மேசையும் ஒன்றாக வருவதை வீடியோவில் பார்த்தேன். கட்டிலை இறக்கும்போது மேசை மேல் இருப்பதை எடுக்கவே வேண்டாமாமே?

உண்மைதான். கட்டில் இறங்க இறங்க மேசை மட்டமாகவே கீழே போய்க் கட்டிலுக்கு அடியில் அடங்கிவிடும். கட்டிலுக்கு அடியில் கிடைக்கும் இடைவெளிக்குள் அடங்கும் பொருள் மட்டுமே மேலே இருக்கலாம். மூடிய லேப்டாப் இருக்கலாம், நிற்கும் மானிட்டர் முடியாது. சுவரில் மடியும் கட்டிலைப் பரவலாக்கிய வில்லியம் மர்ஃபியும் சான் பிரான்சிஸ்கோவில் ஓரறை வீட்டில் குடியிருந்தவர்தான்.

வாங்கும் முன் மெத்தையை முடிவு செய்யுங்கள். ஸ்பிரிங்கோ கேஸ் பம்போ அந்த மெத்தையின் எடைக்குத்தான் பொருத்தப்படும். பிறகு கனமான தேங்காய் நார் மெத்தைக்கு மாறினால் கட்டில் தூக்க வராது, அல்லது வேகமாக இறங்கும். இதன் சட்டத்தைச் சுவரில் இறுக்காமல் நிறுத்தவே கூடாது, அதனால் வாடகை அறை என்றால் முதலில் ஓனரிடம் கேளுங்கள்.

சேலம்: பிளக் பாயின்ட் எங்கே வைப்பது?

பலகைக்குப் பின்னால் வரும் பெட்டிக்குள்ளே, மேசை மட்டத்துக்கு 6 அங்குலம் மேலே. ஒயர் கீல் பக்கமாக வெளியே வந்தால் ஒவ்வொரு முறை மூடும்போதும் நசுங்கும். சார்ஜ் ஏறும் லேப்டாப்பை உள்ளே வைத்து மூடாதீர்கள், சூடு வெளியேற வழி இல்லை.

புதுச்சேரி: மேசை முன்பக்கம் அரை அங்குலம் தொங்கிவிட்டது. மாற்ற வேண்டுமா?

முதலில் கீல் ஸ்க்ரூவைப் பாருங்கள். ஓட்டை தளர்ந்திருந்தால் ஃபெவிகால் தடவிய மூங்கில் குச்சியை உள்ளே அடித்து, ஒரு நாள் காயவிட்டு, அதே ஓட்டையில் ஸ்க்ரூவை முடுக்குங்கள். கீல் சரியாக இருந்து பிராக்கெட்டின் மூட்டு தேய்ந்திருந்தால் பிராக்கெட்டை ஜோடியாக மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பலகை கோணலாக நிற்கும்.