பதிவு செய்த பாடம் கையில் இருக்கும்போது வகுப்புக்குப் போக வேண்டுமா?

கேள்வி: தேவகோட்டையிலிருந்து பேருந்தில் காரைக்குடிக்குச் சென்று பி.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். பேராசிரியர் தம் வகுப்புகளைப் பதிவு செய்து தருகிறார். வருகை 75 சதவீதம் இருந்தால் தேர்வு எழுதலாம் என்பதால், மற்ற நாள்களில் வீட்டிலிருந்தே பாடத்தைப் பார்த்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம் என்பதே என் கருத்து. காய்ச்சலில் படுத்த நாளிலும், வீட்டில் சாந்திக் கல்யாணம் நடக்கும் நாளிலும் பதிவு பேருதவிதான். அதையே வகுப்புக்கு மாற்றாக நம்பினால், பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைத்த பாடங்கள் இன்டர்னல் தேர்வுக்கு முந்தைய வாரத்தில் மொத்தமாகச் சேர்ந்துவிடும். அமெரிக்காவில் கிரேடே என்ற ஆய்வாளரின் குழுவினர் பல ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் வெளியிட்ட கட்டுரையில், கல்லூரி மதிப்பெண்ணுடன் பள்ளி மதிப்பெண்ணைவிட வகுப்பு வருகைக்கே நெருங்கிய தொடர்பு காணப்பட்டது. ஆர்வமுள்ளவர்களே தவறாமல் வருகிறார்கள் என்பதும் இதில் ஓரளவு கலந்திருக்கிறது.

நான் அதிகம் கவலைப்படுவது, பதிவைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதையே படிப்பு என்று எண்ணிவிடுவது குறித்துத்தான். உளவியலாளர்கள் ரோடிகர், கார்பிக்கே ஆகியோர் 2006இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியை இருமுறை வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முந்தியிருந்தார்கள்; ஒரு வாரம் கழித்தோ, அவர்கள் நினைவில் 42 சதவீதமே எஞ்சியிருக்க, ஒருமுறை வாசித்துவிட்டுப் பாராமல் எழுதிப் பார்த்தவர்கள் 56 சதவீதத்தை நினைவுகூர்ந்தார்கள்.

ஆகவே, வகுப்பில் உட்கார்ந்து கையால் குறிப்பெடுங்கள். புரியாத இடத்தில் ஓரத்தில் நேரத்தைக் குறித்துவையுங்கள். காஸ் விதியைக் கொண்டு நீண்ட மின்னூட்டக் கம்பியின் புலத்தைக் கணக்கிடும்போது, கம்பியைச் சுற்றி நாம் கற்பனை செய்யும் உருளையின் இரு தட்டை முனைகளிலும் பாயம் (பரப்பை ஊடுருவும் புலத்தின் அளவு) ஏன் சுழி என்பது பிடிபடவில்லை என்று வைத்துக்கொள்வோம். மாலையில் நோட்டை மூடிவிட்டு, அந்த வருவித்தலை நீங்களே எழுதிப் பாருங்கள். புலம் அந்த முனைப்பரப்புகளுக்கு இணையாகச் செல்வதால் அவற்றை ஊடுருவுவதில்லை என்பது அப்போதும் தோன்றாவிட்டால், குறித்த நேரத்துக்குரிய ஐந்து நிமிடத்தை மட்டும் ஓடவிடுங்கள். முழு வகுப்பும் தேவையில்லை. அதன்பிறகும் ஐயம் இருந்தால் மறுநாள் பேராசிரியரிடமே கேளுங்கள்.

தவிர்க்க முடியாமல் விடுப்பு எடுத்தால், அன்றைய பதிவை அடுத்த வகுப்புக்கு முன்பே பார்த்துவிட வேண்டும். இயற்பியலில் நாளைய பாடம் இன்றையதன் மேல்தான் எழும்புகிறது.