கைக்குழந்தையோடு கப்பல் பயணம்: உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள்

என் மகளுக்குப் பதினோரு மாதம் ஆகியிருந்தபோது முதல்முறை சொகுசுக் கப்பலில் ஏறினோம். இப்போது அவளுக்கு 9 வயது, தம்பிக்கு 5. இடையில் ஆறு பயணங்கள் போய்வந்துவிட்டோம். சின்னக் குழந்தைகளோடு கப்பலில் போவதைப் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அக்கா, பாப்பாவுக்கு இப்ப 4 மாசம். ஒன்றரை மாசம் கழிச்சுக் கிளம்புற மாதிரி ஒரு கப்பல் பார்த்து வெச்சிருக்கோம். டாக்டரும் தாராளமா போகலாம்னு சொல்லிட்டார். புக் பண்ணிடலாமா?

பதில்: வேண்டாம்மா, கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். டாக்டர் சம்மதித்தாலும் கப்பல்காரர்கள் ஏற்ற மாட்டார்கள். பெரும்பாலான நிறுவனங்களில் குழந்தைக்கு 6 மாதம் நிறைந்திருக்க வேண்டும். அட்லாண்டிக்கைக் கடப்பது போலத் தொடர்ந்து பல நாள் கரையே தொடாத பயணம் என்றால் 12 மாதம். புக் செய்யும் நாளில் என்ன வயது என்று பார்ப்பதில்லை, கப்பல் புறப்படும் நாளில் என்ன வயது என்பதுதான் கணக்கு. கப்பலில் இருப்பது ஒரு சின்ன மருத்துவ நிலையம். குழந்தை மருத்துவர் இருப்பது அரிது. நடுக்கடலில் பச்சைக் குழந்தைக்கு மூச்சுத் திணறினால் என்ன செய்வது என்று யோசித்துத்தான் இந்த விதியை வைத்திருக்கிறார்கள்.

மடியில் வைத்துக்கொள்கிற குழந்தைதானே என்று விமானத்தைப் போல நினைத்துவிடாதீர்கள். கப்பலில் கைக்குழந்தையும் ஒரு முழு ஆள். உயிர்காப்புப் படகில் அதற்கும் ஓர் இடம் வேண்டும். ஆகவே நான்கு பேர் தங்கும் கேபினில் ஐந்தாவதாகக் குழந்தையைச் சேர்க்க முடியாது.

கர்ப்பமாக இருப்பவர்கள் இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். பயணம் முடிவதற்குள் 24-வது வாரம் தொடங்கிவிடும் என்றால் பெரும்பாலான கப்பல்களில் அனுமதி இல்லை.

கேள்வி: ஜன்னல் இல்லாத உள்ளறை போதுமா, பால்கனி கேபின் எடுக்கணுமா? பையனுக்கு ரெண்டரை வயசு, சும்மாவே ஏறிக் குதிப்பான். பால்கனின்னா பயமா இருக்கு.

பதில்: உங்கள் பயம் நியாயமானது. ஆனாலும் முடிந்தால் பால்கனி எடுங்கள் என்றுதான் சொல்வேன். குழந்தை இரவு எட்டு மணிக்குத் தூங்கிவிடும். உள்ளறையாக இருந்தால் அதற்குப் பிறகு நீங்கள் இருவரும் விளக்கை அணைத்துவிட்டு, மூச்சுச் சத்தம் கூடக் கேட்காமல் இருட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். எங்கள் முதல் பயணத்தில் நான்கு இரவும் அப்படித்தான் போயின. பால்கனி இருந்தால் கதவை மூடிவிட்டு வெளியே உட்கார்ந்து கடலைப் பார்க்கலாம், கண்ணாடி வழியாகக் குழந்தை மேல் ஒரு கண் வைத்துக்கொள்ளலாம். உள்ளறையிலும் ஒரு நன்மை உண்டு. அங்கே கும்மிருட்டு, குழந்தைகள் விடிந்தும் தூங்குவார்கள். அதை எடுத்தால் பேட்டரியில் எரியும் சின்ன இரவு விளக்கு ஒன்று கொண்டு போங்கள்.

பால்கனிக்கு என் வீட்டில் நான் வைத்திருக்கிற சட்டம்: பெரியவர் ஒருவர் வெளியே இல்லாமல் குழந்தை வெளியே போகக் கூடாது, ஒரு நிமிடம்கூட. கைப்பிடிச் சுவர் பொதுவாக 42 அங்குலம், அதாவது ஏறக்குறைய 107 சென்டிமீட்டர் உயரம் இருக்கும். ரெண்டரை வயதுக் குழந்தைக்கு அது போதுமான உயரம்தான், நாற்காலி பக்கத்தில் இல்லாத வரை. அறைக்குள் நுழைந்ததும் நான் செய்கிற முதல் வேலை, பால்கனியில் இருக்கும் நாற்காலி, மேசை இரண்டையும் உள்ளே எடுத்து வைப்பது. நாம் உட்காரும்போது மட்டும் வெளியே போட்டுக்கொள்ளலாம். பல கப்பல்களில் பால்கனிக் கதவின் மேல்பக்கம் குழந்தைக்கு எட்டாத தாழ்ப்பாள் இருக்கும். எப்போதும் அதைப் போட்டு வையுங்கள்.

பால்கனியைவிட அதிகமாகக் காயம் உண்டாக்குவது கதவுகள். கப்பல் கதவுகள் கனமானவை, தானாக மூடிக்கொள்ளும்படி அமைத்தவை. மேல்தளத்தில் காற்று அடித்தால் படாரென்று அறையும். குளியலறை வாசலில் படி உயர்ந்திருக்கும். என் மகனின் விரல் ஒருமுறை குளியலறைக் கதவில் மாட்டி, நகம் போய்விட்டது. அன்றிலிருந்து கதவைத் திறப்பது, மூடுவது எல்லாம் பெரியவர்கள் வேலை.

இடம் தேர்வு செய்யும்போது மேல் கீழ் தளங்களையும் பாருங்கள். நீச்சல் குளத் தளத்துக்கு நேர் கீழே வேண்டாம், விடியற்காலையில் நாற்காலி இழுக்கிற சத்தம் தலைக்கு மேலே கேட்கும். தொட்டில் வேண்டும் என்பதைப் புக் செய்யும்போதே சொல்லிவிடுங்கள். எண்ணிக்கை குறைவு, பிறகு கேட்டால் கிடைக்காமல் போகலாம்.

கேள்வி: கடல் ஆட்டத்தில் குழந்தை வாந்தி எடுத்தால் என்ன செய்வது? எனக்கே பஸ்ஸில் போனால் ஒத்துக்கொள்ளாது.

பதில்: அப்படியானால் உங்களைத்தான் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு இந்தத் தொல்லை பொதுவாகக் குறைவு. 2 முதல் 12 வயதுக்குள்தான் அதிகம். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் ஆட்டம் மிகக் குறைவாக இருக்கும். முன்முனையும் உச்சித் தளமும்தான் அதிகம் ஆடும். கேபின் எடுக்கும்போதே இதைக் கவனித்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

குமட்டுகிறது என்று குழந்தை சொன்னால் முதலில் கையில் இருக்கும் போனை வாங்குங்கள். காற்றோட்டமான இடத்துக்கு அழைத்துப் போய்த் தூரத்தில் தெரியும் தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுங்கள். மாத்திரை விஷயத்தில் மட்டும் சொந்த முடிவு வேண்டாம். பெரியவர்கள் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்கிற ஸ்கோபாலமைன் பட்டையைப் பிள்ளைகளுக்கு ஒட்டவே கூடாது. கிளம்புவதற்கு முன்பே உங்கள் குழந்தை மருத்துவரிடம் எடைக்கேற்ற அளவை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: நீச்சல் டயப்பர் போட்டிருந்தும் என் குழந்தையைக் குளத்தில் இறங்க விடவில்லை. மூன்று நாள் ஓரத்தில் உட்கார்ந்து அழுதாள். இது என்ன நியாயம்?

பதில்: அழுகிற குழந்தையை வைத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஆனால் இதில் நான் கப்பல்காரர்கள் பக்கம். நீச்சல் டயப்பர் மலம் சட்டென்று வெளியே வராமல் தடுக்கும், கிருமியைத் தடுக்காது. ஒரே குளத்தில் நூறு பேர் இறங்குகிற இடத்தில் ஒரு குழந்தைக்கு வயிற்றுப்போக்கு இருந்தால் கப்பல் முழுக்கப் பரவிவிடும். அதனால்தான் டயப்பர் பழக்கம் விடாத குழந்தைகளுக்குப் பொதுக் குளங்களில் இடம் கிடையாது. சில கப்பல்களில் டயப்பர் குழந்தைகளுக்கென்றே தனியாக நீர் தெளிக்கும் திடல் இருக்கும். அடுத்தமுறை "நீச்சல் குளம் உண்டா" என்று கேட்காதீர்கள், "டயப்பர் குழந்தைக்குத் தண்ணீர் விளையாட இடம் உண்டா" என்று கேளுங்கள். இல்லை என்றால் காற்றடைக்கும் சிறிய தொட்டி ஒன்றைப் பெட்டியில் வையுங்கள். பெரும்பாலான கேபின்களில் ஷவர் மட்டும்தான் இருக்கும், குளிப்பாட்டவும் அந்தத் தொட்டியே உதவும்.

குளத்தைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லியாக வேண்டும். பல கப்பல்களில் உயிர்காப்பாளர் கிடையாது. இருக்கிற கப்பலிலும் அவரை நம்பிக் குழந்தையை விடாதீர்கள். மூழ்குகிற குழந்தை கத்தாது, கையை ஆட்டாது. சத்தமே இல்லாமல் கீழே போய்விடும். குளத்தருகே பாட்டும் கூட்டமுமாக இருக்கும்போது பக்கத்தில் நிற்பவருக்குக்கூடத் தெரியாது. எங்கள் வீட்டில் நானும் கணவரும் முறை வைத்துக்கொள்வோம். பதினைந்து நிமிடம் ஒருவர் தண்ணீரை மட்டும் பார்க்க வேண்டும். போன் இல்லை, பேச்சு இல்லை. பிறகு மற்றவர். நீச்சல் தெரியாத குழந்தை என்றால் கரையில் இருந்து பார்ப்பது போதாது, கை எட்டும் தூரத்தில் தண்ணீருக்குள் நில்லுங்கள்.

கேள்வி: கிட்ஸ் கிளப்பில் ரெண்டு வயசுக் குழந்தையை விட முடியுமா?

பதில்: பெரும்பாலும் முடியாது. 3 வயது நிறைந்து, தானாகக் கழிப்பறை போகத் தெரிந்த குழந்தைகளைத்தான் சேர்ப்பார்கள். அங்கே இருப்பவர்கள் டயப்பர் மாற்ற மாட்டார்கள். சில பெரிய கப்பல்களில் மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு, மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கும் காப்பகம் உண்டு. இடம் சீக்கிரம் நிரம்பிவிடும், ஏறிய அன்றே பதிந்துவிடுங்கள். முதல் நாள் அரை மணி நேரம் மட்டும் விட்டுப் பாருங்கள். என் மகள் ஓடிப் போவாள். மகன் கடைசி வரை போகவே இல்லை, நாங்களும் வற்புறுத்தவில்லை.

கேள்வி: பால் பவுடர், வெந்நீர், குழந்தை உணவு எல்லாம் கப்பலில் கிடைக்குமா?

பதில்: பால் பவுடரும் டயப்பரும் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். பயண நாட்களுக்குத் தேவையானதோடு இரண்டு நாளைக்குக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். வெந்நீர்க் கெட்டிலை அறைக்குள் அனுமதிக்க மாட்டார்கள், தீ விபத்துக்குப் பயந்து. வெந்நீரைக் கேட்டு வாங்கி ஃபிளாஸ்கில் வைத்துக்கொள்ளலாம். அறையில் உள்ள சின்ன ஃபிரிட்ஜ் பல நேரம் அரைகுறையாகத்தான் குளிரும். தாய்ப்பால் எடுத்து வைப்பவர்கள் முதல் நாளே கேபின் பணியாளரிடம் சொல்லுங்கள். உணவை மசித்துத் தரச் சொன்னால் முகம் சுளிக்காமல் செய்து தருவார்கள். இரவு உணவுக்கு இரண்டு வேளை இருந்தால் முன்னதை எடுங்கள். பின்னது தொடங்கும்போது குழந்தை தட்டிலேயே தூங்கிவிடும்.

கேள்வி: முதல் நாளும் கடைசி நாளும்தான் ரொம்பக் குழப்பம்னு சொல்றாங்களே, அப்படியா?

பதில்: ஆமாம். ஏறும்போது துறைமுகத்தில் பெட்டிகளை வாங்கிக்கொள்வார்கள். அவை அறைக்கு வந்து சேரச் சாயங்காலம் ஆகலாம். மருந்து, டயப்பர், மாற்றுடை, நீச்சலுடை, குழந்தை கட்டிப்பிடித்துத் தூங்கும் பொம்மை எல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும். இறங்குவதற்கு முந்தைய இரவு பெட்டிகளை அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள். காலையில் போட வேண்டிய உடையையும் செருப்பையும் சேர்த்துக் கட்டி அனுப்பிவிட்டு இரவு உடையோடு இறங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: கரையில் இறங்கும் ஒவ்வோர் ஊரிலும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சுற்ற முடியுமா?

பதில்: முடியாது, தேவையும் இல்லை. ஐந்து துறைமுகம் இருந்தால் இரண்டில் இறங்குங்கள். எல்லாரும் இறங்கிப் போன பிறகு கப்பல் காலியாக இருக்கும். குளத்திலும் விளையாட்டு அறையிலும் உங்கள் குழந்தை ராஜா மாதிரி விளையாடலாம். எங்கள் பிள்ளைகள் இன்றைக்கும் நினைத்துப் பேசுவது அந்த நாட்களைத்தான்.

இறங்கினால் கப்பல் நேரத்தை மறக்காதீர்கள். கப்பலின் கடிகாரமும் கரையின் கடிகாரமும் வேறாக இருக்கலாம், போன் தானாகக் கரை நேரத்துக்கு மாறிவிடும். கப்பல் நேரம் காட்டும் சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்று கட்டிக்கொள்ளுங்கள். கப்பல் நடத்தும் சுற்றுலாவில் சேராமல் நீங்களாகப் போய்த் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. கடவுச்சீட்டின் நகலும் ஒரு நாளைக்கான மருந்தும் டயப்பரும் எப்போதும் பையில் இருக்கட்டும். சில ஊர்களில் கப்பல் கரைக்கு வராது, சிறு படகில் மாறிப் போக வேண்டும். அங்கே தள்ளுவண்டியை மடித்துத் தூக்க வேண்டியிருக்கும், ஆகவே எடை குறைந்த வண்டியே போதும்.

கேள்வி: கையில் சானிடைசர் தடவிக்கொண்டே இருந்தால் வாந்தி, பேதி வராதுதானே?

பதில்: வாந்தி, பேதியைப் பரப்பும் நோரோவைரஸ் என்ற கிருமிக்கு அது சரியாக வேலை செய்யாது. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான், இருபது விநாடி. சாப்பாட்டுக்கு முன்பு, கழிப்பறைக்குப் பின்பு, லிஃப்ட் பொத்தானைத் தொட்ட பின்பு. குழந்தைக்கு வாந்தியோ பேதியோ வந்துவிட்டால் மறைக்காமல் கப்பல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அறைக்குள்ளேயே இருக்கச் சொல்வார்கள் என்று பயந்து பலர் மறைக்கிறார்கள். அதனால் அடுத்த அறைக் குழந்தைக்கும் வந்துவிடும். மருத்துவ நிலையத்தில் கட்டணம் உண்டு. அவசரத்தில் கரைக்குக் கொண்டு செல்லும் செலவையும் ஏற்கிற பயணக் காப்பீடு எடுக்காமல் குழந்தையோடு ஏறாதீர்கள்.

கேள்வி: கணவர் வரவில்லை, நானும் மகளும் மட்டும் போகிறோம். தனியாக ஏதாவது ஆவணம் வேண்டுமா?

பதில்: அவர் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதம், முடிந்தால் நோட்டரி முத்திரையோடு. மகளின் பிறப்புச் சான்றிதழும் கூடவே இருக்கட்டும்.

கேள்வி: அவ்வளவு பெரிய கப்பலில் குழந்தை தொலைந்து போனால்?

பதில்: எல்லாத் தாழ்வாரமும் ஒரே மாதிரி இருப்பதால் பெரியவர்களே வழி தவறுவார்கள். கேபின் கதவும் சுவரும் பெரும்பாலும் உலோகம். காந்தம் ஒட்டிய ஒரு படத்தைக் கதவில் மாட்டுங்கள், குழந்தையே அதைத் தேர்ந்தெடுக்கட்டும். நடக்கிற குழந்தைக்குத் தளம் எண்ணையும் அறை எண்ணையும் பாட்டாகவே சொல்லிக்கொடுங்கள். சட்டையில் பெயர்ப் பட்டை குத்தியவரிடம் போய் நில், வேறு யாரோடும் போகாதே என்று முதல் நாளே ஒரு பணியாளரைக் காட்டிச் சொல்லிவையுங்கள். தினமும் காலையில் அன்றைய உடையில் ஒரு போட்டோ எடுத்துவிடுவேன். பதற்றத்தில் என்ன நிறச் சட்டை என்பது யாருக்கும் நினைவு வராது.

கேள்வி: ஏறியதும் பாதுகாப்பு ஒத்திகை என்று கூப்பிடுவார்களாமே. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தால் போகாமல் இருக்கலாமா?

பதில்: கூடாது. 2012 ஜனவரி 13 அன்று இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கான்கோர்டியா என்ற சொகுசுக் கப்பல் பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அன்று ஏறிய பயணிகள் பலர் ஒத்திகையே பார்த்திருக்கவில்லை. அப்போதைய விதிப்படி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்றிருந்தது. அதன்பின் விதியை மாற்றி, கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனோ நடத்த வேண்டும் என்று ஆக்கினார்கள். தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு போங்கள். இப்போது பல கப்பல்களில் காணொலியைப் பார்த்துவிட்டு, ஆபத்து வந்தால் எல்லாரும் ஒன்றுகூட வேண்டிய இடத்துக்கு ஒருமுறை போய்வந்தால் போதும், பத்து நிமிடம்தான் ஆகும்.

அங்கே போனதும் உங்கள் குழந்தைக்கான மிதவை அங்கியைக் கேளுங்கள். 15 கிலோவுக்குக் கீழே கைக்குழந்தை அளவு, 15 முதல் 43 கிலோ வரை சிறுவர் அளவு, அதற்கு மேல் பெரியவர் அளவு. பெரியவர் அங்கியைச் சின்னக் குழந்தைக்குக் கட்டினால் தலைவழியே கழன்றுவிடும். அறை அலமாரியில் பெரும்பாலும் பெரியவர் அளவுதான் இருக்கும். எங்கள் முதல் பயணத்தில் குழந்தை அளவு வேண்டும் என்று நான் கேட்ட பிறகுதான் கொண்டுவந்து தந்தார்கள். சில கப்பல்களில் அறையில் வைக்காமல் கூடும் இடத்திலேயே வைத்திருப்பார்கள், அங்கே என்றால் எந்தப் பெட்டியில் என்று காட்டச் சொல்லுங்கள். கையில் வாங்கி, குழந்தைக்கு ஒருமுறை மாட்டி, வார் இறுகுகிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். குழந்தைகளின் கையில் கூடும் இடத்தின் எண் எழுதிய பட்டை கட்டினால் பயணம் முடியும் வரை அதைக் கழற்றாதீர்கள்.